பல் பிடுங்கும் இடமா, பல் காக்கும் இடமா?

தங்கவயலில் புதிதாகக் கிளினிக் திறக்கும் பல் டாக்டர்கள் முன் நிற்கும் கேள்வி

இரவு நேரம். பெங்களூரில் இருந்து புறப்பட்ட ரெயில் மாரிகுப்பம் வந்து நிற்கிறது. கூட்டம் இறங்குகிறது. கட்டிட வேலைக்குப் போனவர்கள், கார்மெண்ட்ஸ் பெண்கள், காவலாளிகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. விடிவதற்கு முன் வீட்டை விட்டுப் போனவர்கள். ஊர் அடங்கும் நேரத்தில் திரும்புகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் துண்டை மடித்துக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடப்பது தங்கவயலில் புதிய காட்சி அல்ல. கடைவாய்ப் பல் வலி. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்குவார். வீட்டில் கிராம்பை நசுக்கி வைப்பார்கள். வலி சற்று அடங்கும். காலையில் மறுபடியும் ரெயில். பல் டாக்டரிடம் போக அவருக்கு நேரம் ஏது? அவர் ஊரில் இருக்கும்போது கிளினிக் மூடியிருக்கிறது. கிளினிக் திறந்திருக்கும்போது அவர் பெங்களூரில் இருக்கிறார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் வீங்கிய நிலையில் போய் உட்கார்ந்து, "பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்கிறார். பல் போகிறது. ஒரு நாள் கூலியும் போகிறது.

தங்கவயலில் புதிதாகப் பல் கிளினிக் திறக்க நினைக்கும் இளம் டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் இந்த மனிதரைத்தான். இவருக்குப் பயன்படாத கிளினிக், எத்தனை பளபளப்பாக இருந்தாலும் இந்த ஊரில் வேர் பிடிப்பது கடினம்.

கம்பெனி ஆஸ்பத்திரி இருந்த காலம்

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பகுதிகளில் இருந்து ஏழை மக்கள் வந்து குவிந்தார்கள். ஒரு காலத்தில் 30 ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடம் இது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

தொழிலாளியின் வீடு ஒண்டிக் குடித்தனமாக இருந்தாலும், நோய் நொடி என்றால் போவதற்கு ஓர் இடம் இருந்தது. அது கம்பெனி ஆஸ்பத்திரி. தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் அங்கே வைத்தியம். காசு கேட்பார்களே என்று அஞ்சி, நோயை மறைத்து வைக்க வேண்டிய நிலை இல்லை.

1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதியோடு எல்லாம் முடிந்தது. சுரங்கம் மூடப்பட்டது. ஆஸ்பத்திரியும் ஓய்ந்தது. 2021-ல் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த அந்தக் கட்டிடத்தைத் தொண்டர்கள் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்தார்கள். அப்போதுதான் இளைய தலைமுறையில் பலர் அந்த ஆஸ்பத்திரியின் உள்ளே முதல் முறையாகக் கால் வைத்தார்கள்.

கம்பெனி போனதும் ஊர் பிழைப்பைத் தேடி ரெயில் ஏறியது. அதோடு ஒரு பழக்கமும் போயிற்று. "சும்மா ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம்" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கம் அது. இன்று காசு கொடுத்துத்தான் காட்ட வேண்டும். ஆகவே தாங்க முடியாத வரை யாரும் காட்டுவது இல்லை. உடம்பில் வேறு எந்த உறுப்பையும் விட இந்தத் தாமதத்தால் அதிகம் கெடுவது பல்தான்.

படித்த பிள்ளைகள்

தங்கவயலிலேயே பெமல் நகரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெங்களூரிலோ அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1958-ல் தொடங்கி நடந்து வருகிறது. நாடு முழுவதும் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரபியுதீன் அகமது தனி ஒருவராகத் தொடங்கிய கல்லூரிதான் இந்தியாவில் முதலாவது என்பதை நினைத்துப் பார்த்தால் வளர்ச்சி புரியும்.

தாத்தா சுரங்கத்தில் கல் உடைத்தவர், அப்பா பெங்களூருக்கு ரெயிலில் போய் வந்து பிள்ளையைப் படிக்க வைத்தவர், பிள்ளை பி.டி.எஸ். பட்டதாரி. இப்படிப்பட்ட வீடுகள் தங்கவயலில் உண்டு. ஐந்தாண்டுப் படிப்பு முடிந்ததும் கேள்வி எழுகிறது. பெங்களூரில் பெரிய கிளினிக்கில் சம்பளத்துக்கு உட்காருவதா? வளைகுடா நாட்டுக்குப் போவதா? சொந்த ஊரில் போர்டு மாட்டுவதா?

பெங்களூரில் தெருவுக்குத் தெரு பல் கிளினிக். அங்கே புதியவர் பத்தோடு பதினொன்று. சொந்த ஊரில் போட்டி குறைவு. பேர் சொன்னால் தெரிந்துகொள்வார்கள். ஆனால் கையில் காசு புழங்கும் ஊர் அல்ல இது. துணிந்து இறங்குகிறவர் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

கதவைத் திறப்பதற்கு முன்

பல் வைத்தியம் என்பது ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் செய்யும் தொழிலாக இருந்தது. சந்தையில் குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பதிவேடு. பட்டம் இல்லாமல் முன்பிருந்தே தொழில் நடத்தி வந்தவர்களுக்கு ஒரு பதிவேடு என்று இரண்டு வைத்தார்கள். பழைய கைகளின் பிழைப்பு போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. புதிதாக வருகிறவர்களுக்குப் பட்டம் கட்டாயம் ஆயிற்று. 2023-ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. நிர்வாகம் எப்படி மாறினாலும், பதிவு இல்லாதவர் பல்லில் கை வைக்கக்கூடாது என்ற விதியில் மாற்றம் இல்லை.

ஆகவே முதல் வேலை கர்நாடக மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு. வேலூரிலோ சென்னையிலோ படித்துவிட்டு வந்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, கிளினிக்குக்கே ஒரு பதிவு. 2007-ம் ஆண்டு வந்த கர்நாடக தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டப்படி, ஒற்றை நாற்காலி கிளினிக் ஆனாலும் மாவட்ட அதிகாரக் குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட துணை கமிஷனர். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். கட்டண விவரத்தை நோயாளிகள் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதும் சட்டம். இது டாக்டருக்குத் தொல்லை என்று நினைக்கக்கூடாது. "எவ்வளவு ஆகுமோ" என்ற பயத்தில் வாசலோடு திரும்பிப் போகிறவரை உள்ளே அழைத்து வருவது அந்தக் கட்டணப் பலகைதான்.

மூன்றாவது, கழிவு. இரத்தம் பட்ட பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பைக்குப் போகும். கையுறை, குழாய் போன்றவை சிவப்புப் பைக்கு. ஊசியும் பிளேடும் குத்தாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடிப் பொருள் நீலப் பெட்டிக்கு. 2016-ம் ஆண்டு விதிகள் இவை. 48 மணி நேரத்துக்கு மேல் இந்தக் குப்பையை வைத்திருக்கக்கூடாது. நகரசபைக் குப்பைத் தொட்டியில் கொட்டவும் கூடாது. இதற்கென்று உள்ள பொது சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டியில் ஒப்படைக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

நான்காவது, எக்ஸ்ரே. பல்லுக்கு எடுக்கும் சின்னப் படம்தானே என்று விட்டுவிட முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் அந்த எந்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது, பெயர்ப்பலகை. 2024-ல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டப்படி பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். மீதி இடத்தில் தமிழும் ஆங்கிலமும் எழுதிக்கொள்ளலாம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் ஒரே தெருவில் பேசப்படும் ஊரில், வலி எங்கே என்று நோயாளி சொல்லும் பாஷை டாக்டருக்குப் புரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

நாற்காலியும் தண்ணீரும்

பல் கிளினிக் என்றதும் எல்லோர் கண்ணிலும் படுவது அந்தச் சாய்வு நாற்காலி. புதியவர்கள் பணத்தில் பெரும் பகுதியை அதிலேயே போட்டுவிடுகிறார்கள். ஆனால் நோயாளியின் உயிரைக் காப்பது மூலையில் கிடக்கும் ஒரு பாத்திரம். அதன் பெயர் ஆட்டோகிளேவ். பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி நீராவியில், குறைந்தது 15 நிமிடம் கருவிகளை வைத்து எடுக்க வேண்டும்.

வெறும் கொதி நீர் போதாதா? போதாது. சில கிருமிகளின் வித்துகள் கொதி நீரிலும் பிழைத்துக்கொள்ளும். மேலும் தங்கவயல் மேட்டு நிலம். இங்கே தண்ணீர் 100 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே கொதித்துவிடுகிறது. ஒருவர் இரத்தம் பட்ட கருவி அரைகுறையாகச் சுத்தம் செய்யப்பட்டு அடுத்தவர் வாய்க்குள் போனால், மஞ்சள் காமாலை வகைகளில் கொடிய 'பி' வகை பரவக்கூடும். பல் வலிக்குப் போனவர் ஈரல் நோயோடு திரும்பலாமா?

தண்ணீர் இங்கே தனிப் பிரச்சினை. பல்லைக் கடையும் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டேதான் சுழலும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை அப்படியே விட்டால் கருவியின் துளை அடைத்துக்கொள்ளும். ஆட்டோகிளேவின் அடியில் உப்புப் படியும். ஆகவே சுத்திகரித்த தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி நாற்காலியோடு இணைக்கும் முறையே இந்த ஊருக்குப் பொருந்தும்.

மின்சாரமும் அப்படியே. 1902-ல் சிவசமுத்திரத்தில் இருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர் இது. இந்தியாவில் பல பெரிய நகரங்களுக்குக் கிடைப்பதற்கு முன்பே இங்கே விளக்கு எரிந்தது. அந்தப் பெருமையை நம்பிக் கிளினிக் நடத்த முடியாது. பல்லைப் பாதி கடைந்த நிலையில் கரண்டு போனால் என்ன செய்வது? காற்று அழுத்த எந்திரத்தையும் விளக்கையும் தாங்கும் மாற்று ஏற்பாடு முதல் நாளிலேயே வேண்டும்.

இன்னொரு பொருள் தங்கவயலுக்கு நன்கு பழக்கமானது. அதுதான் பாதரசம். இங்கே ஆலைகளில் அரைத்த கல்லில் இருந்து தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் பயன்பட்டது. அதே பாதரசத்தை வெள்ளித் தூளோடு குழைத்துச் சொத்தைப் பல்லை அடைப்பது பழைய முறை. இப்போது பல்லின் நிறத்திலேயே அடைக்கும் பொருள்கள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய வெள்ளி அடைப்பைக் கடைந்து எடுக்கும்போது வரும் தூளைச் சாக்கடையில் விடக்கூடாது. மூடிய டப்பாவில் தனியே சேர்த்து ஒப்படைக்க வேண்டும். சயனைடு மண் மேடுகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

ஒரு நாள் கணக்கு

பணம் எங்கே இருந்து வரும்? நகை அடகு வைக்கும் வீடுகள் உண்டு. அதற்கு முன் வங்கியை அணுகுவது நல்லது. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு தொழில்களுக்கு ஈடு இல்லாமல் 10 லட்சம் ரூபாய் வரை கடன் கொடுக்க வழி செய்யப்பட்டது. படிப்புக் கடன் ஏற்கனவே பாக்கி இருந்தால் அதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஒரு பேச்சுக்குச் சொல்வோம். வாடகை, உதவிப் பெண்ணின் சம்பளம், மருந்துப் பொருள், கரண்டு, கடன் தவணை எல்லாம் சேர்ந்து மாதம் 60 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை. நாள் ஒன்றுக்கு 2,400 ரூபாய் வந்தால்தான் கைப்பணம் போகாது. வீட்டுச் செலவுக்கு ஒரு காசு கூட இன்னும் வரவில்லை.

ஒரு நாளைக்கு 8 பேர் வந்தால் தலைக்கு 300 ரூபாய் போதும். 2 பேர்தான் வந்தால் தலைக்கு 1,200 ரூபாய் வேண்டும். முதல் சில மாதங்களில் 2 பேர் வருவதே பெரிது. சோதனை அங்கேதான் ஆரம்பம் ஆகிறது.

சின்னச் சொத்தை. அடைத்தால் போதும். "வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும்" என்று சொன்னால் பத்து மடங்கு பணம். நோயாளிக்கு என்ன தெரியும்? வாய்க்குள் நடப்பதை அவர் பார்க்கவா போகிறார்? கடன் தவணை நெருங்கும்போது இந்த எண்ணம் எட்டிப் பார்க்காமல் இருக்காது.

ஆனால் தங்கவயல் சின்ன ஊர். ஒரே லைனில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் ஒரே ரெயில் பெட்டியில் தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து உட்காருகிறார்கள். அந்தப் பெட்டியில் பேசப்படாத விஷயம் இல்லை. "இன்னார் தேவை இல்லாமல் பணம் பிடுங்குகிறார்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் பங்காருபேட்டை தாண்டுவதற்குள் பெட்டி முழுவதும் பரவிவிடும். "அடைத்தாலே போதும் என்று சொல்லி அனுப்பினார்" என்ற பேச்சும் அதே வேகத்தில்தான் பரவும். பெங்களூர் கிளினிக்குக்கு விளம்பரம் வேண்டும். தங்கவயல் கிளினிக்குக்கு இந்த ரெயில் பெட்டி போதும்.

தவணை முறையும் இங்கே தேவை. வேர் சிகிச்சைக்கு எப்படியும் இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கேட்காமல், வரும்போதெல்லாம் கொஞ்சம் என்று வாங்கினால், பல்லைப் பிடுங்கிவிடச் சொல்ல வந்தவர் காப்பாற்றிக்கொள்ளச் சம்மதிப்பார்.

தண்ணீரில் வந்த கறை

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்கிறார். அமெரிக்காவில் 1901-ல் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர், படிப்பை முடித்த கையோடு கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலை ஊரில் கிளினிக் திறந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருந்தது. ஊரார் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மெக்கே விடவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து 1931-ல் ரசாயன நிபுணர்கள் தண்ணீரைச் சோதித்தபோது விடை கிடைத்தது. அதுதான் புளோரைடு.

சில ஆண்டுகளிலேயே, 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் புளோரைடு பல்லை மட்டும் அல்ல, எலும்பையும் முடக்குகிறது என்று கண்டுபிடித்து எழுதினார்கள்.

கோலார் மாவட்டம் கர்நாடகத்தில் இந்தப் பாதிப்பு உள்ள மாவட்டங்களில் ஒன்று. ஏரிகள் வற்ற வற்ற, ஆழ்குழாய்கள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போயின. ஆழத்துப் பாறையில் ஊறிய தண்ணீரில் புளோரைடு கலந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கத் தகாது என்பது கணக்கு.

பேத்தமங்கலா ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பாட்டியின் பல் வெள்ளையாக இருந்திருக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பேரப் பிள்ளையின் முன் பல்லில் சுண்ணாம்புத் திட்டோ பழுப்புக் கோடோ இருக்கலாம். இதை அழுக்கு என்று நினைத்துச் செங்கல் பொடி, கரி, மணல் என்று எதையாவது போட்டுத் தேய்க்கிறார்கள். தேய்ந்து போவது பல்லின் மேல் பூச்சுத்தான். கறை போவது இல்லை. ஏனென்றால் அது மேலே ஒட்டிய கறை அல்ல. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டு இருந்த வயதிலேயே, ஏறக்குறைய எட்டு வயதுக்குள், உள்ளே பதிந்துவிட்ட குறை.

பெண் பார்க்க வரும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பெண்ணுக்கு இந்த உண்மை தெரிய வேண்டும். அவள் பல் துலக்கத் தெரியாதவள் அல்ல. தண்ணீரின் குற்றத்துக்கு அவள் வெட்கப்படத் தேவை இல்லை. கறையை மறைக்கவும் குறைக்கவும் வைத்தியம் உண்டு. சின்னக் குழந்தைகள் பற்பசையை விழுங்காமல் துப்பும்படி பழக்குவதும், பட்டாணி அளவுக்கு மேல் வைக்காமல் இருப்பதும் தாய்மார்கள் செய்ய வேண்டியவை.

புதிதாகக் கிளினிக் திறக்கும் டாக்டர் மெக்கேயைப் போல ஊரின் வாயைக் கவனித்தால், எந்தத் தெருவில் எந்தக் குழாய்த் தண்ணீர் கெட்டது என்பதை அதிகாரிகளுக்கு முன்பே சொல்லிவிட முடியும்.

ஆறாத புண்

பல்லை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சுரங்கத்துக்குள் தீயும் புகையும் ஆகாது. வாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் உழைப்பாளிகளின் துணை ஆயின. பேரன் காலத்தில் அது பாக்கெட்டாக மாறியது. 2013-ல் கர்நாடகத்தில் குட்கா தடை செய்யப்பட்டது. பழக்கம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிவித்தது.

வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுவதும் திறக்க முடியாத இறுக்கம் ஆகிய எதையும் சாதாரணம் என்று விடக்கூடாது. ஆரம்பத்தில் வலி இருக்காது. வலி இல்லாததால்தான் ஏமாந்துபோகிறார்கள். பல்லைப் பார்க்க வந்தவரின் நாக்கின் அடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் டாக்டர் ஒரு நிமிடம் விளக்குப் போட்டுப் பார்த்தால் போதும். சந்தேகம் என்றால் பெங்களூர் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பலாம். அந்த ஒரு நிமிடத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் கிளினிக்கில் நடக்கும் வேலைகளிலேயே விலை மதிக்க முடியாத வேலை அதுதான்.

மூச்சு வாங்கும் பெரியவர்கள்

கிளினிக் எங்கே இருக்க வேண்டும்? ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் மாடி அறை வாடகை குறைவாகக் கிடைக்கும். ஆனால் சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்ட பெரியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சிலிகோசிஸ் வந்தவருக்கு இருபது படி ஏறுவது மலை ஏறுவது போல. அவரை நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைத்தாலும் மூச்சு முட்டும். பாதி சாய்த்து உட்கார வைத்தே வேலை பார்க்க வேண்டும். தரைத் தளத்தில் ஒரு சின்ன அறை, மாடியில் உள்ள பெரிய அறையை விட மேல்.

பல் எல்லாம் போன முதியவர்களுக்குப் பல் செட் கட்ட, கர்நாடக அரசு 2014-ல் 'தந்த பாக்கிய' திட்டத்தைக் கொண்டுவந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் வழியாக இலவசப் பல் செட் கிடைக்க வழி செய்த திட்டம் இது. கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் வைத்தியமும் செய்கிறார்கள். தன்னால் முடியாத ஏழை நோயாளியை அங்கே வழிகாட்டி அனுப்பும் புது டாக்டர் ஒரு வாடிக்கையாளரை இழப்பது இல்லை. ஒரு குடும்பத்தையே சம்பாதிக்கிறார்.

நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். காலை 10 முதல் மாலை 6 வரை என்பது பெங்களூர் நேரம். தங்கவயலில் வேலைக்குப் போகிறவர்கள் ஊரில் இருப்பது இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும்தான். பகலில் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சில மணி நேரம். மாலை ரெயில்கள் வந்த பிறகு சில மணி நேரம். ஞாயிறு முழு நாள். வாரத்தில் வேறு ஒரு நாள் விடுமுறை. இப்படி வைத்துக்கொண்டால், கூலியை இழக்காமல் தொழிலாளி பல்லைக் காட்ட முடியும்.

நோயாளியின் பங்கு

டாக்டர் மட்டும் சரியாக இருந்தால் போதாது. பல் ஒரே நாளில் கெடுவது இல்லை. முதலில் மேல் பூச்சில் கரும்புள்ளி. வலி இராது. அப்போது அடைத்தால் செலவு மிகக் குறைவு. அடுத்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம். அப்போதும் அடைத்துவிடலாம். மூன்றாவதாக நரம்பைத் தொட்டுவிட்டால் இரவில் தூங்க விடாத வலி. இப்போது வேர் சிகிச்சை. செலவு பல மடங்கு. நான்காவது, சீழ் வைத்து முகம் வீங்கும். பல்லையே இழக்கவும் நேரலாம். காசு இல்லை என்று காத்திருப்பவர்தான் கடைசியில் அதிகக் காசு கொடுக்கிறார்.

வலி மாத்திரையை ஈறின் மேல் வைத்து அடக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மாத்திரை ஈறைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாங்களாகவே மருந்தை நிறுத்தவும் கூடாது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அங்கே பல் வைத்தியமும் கிடைக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் சுவரில் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், "கருவியை ஆட்டோகிளேவில் வைத்தீர்களா?" என்று கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகாது.

பூமிக்குள் 3 கிலோமீட்டர் இறங்கித் தங்கத்தைத் தேடிக் கொடுத்த ஊர் இது. அந்தத் தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. ஒரு தொழிலாளியின் வாயில் 32 பற்களும் கடைசி வரை இருந்தால் அந்தச் சொத்தை யாரும் எடுத்துப் போக முடியாது. அதைக் காக்க, இரவு ரெயில் வந்து நிற்கும்போது ஊரில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குத் துணிகிற இளம் டாக்டருக்கு முதல் ஆண்டு கடினமாகத்தான் இருக்கும். முதல் ஆண்டைத் தாண்டிவிட்டால், ரெயிலில் வருகிறவர்களே அவரைக் காப்பாற்றிவிடுவார்கள்.